கெடு மாதக் கணக்கில் இருக்கும் வேலை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நல்ல வருமானம் வேண்டும், ஆனால் எத்தனை மணிக்கு உட்கார வேண்டும், எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று எவரும் சொல்லக் கூடாது. அப்படி வேலை ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். உன் அப்பன் இதைச் சோம்பேறித்தனம் என்கிறான். அவன் கிடக்கிறான். நோபல் பரிசு வாங்கிய ஒரு பொருளாதார அறிஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேள்வி இது.

ஹார்வர்டு பேராசிரியர் கிளாடியா கோல்டினைத்தான் சொல்கிறேன். 2023இல் பரிசு பெற்றார். பொருளாதாரத்தில் வேறு யாரோடும் பங்கிடாமல் அதைப் பெற்ற முதல் பெண். அமெரிக்காவில் ஒரே படிப்புப் படித்த ஆணும் பெண்ணும் வேலையில் சேரும்போது ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்குகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில், அதுவும் குழந்தை பிறந்த பிறகு, பெண் பின்தங்கிவிடுகிறாள். ஏன் என்ற கேள்விக்குக் கோல்டின் தரும் விடை, சில வேலைகள் பேராசை பிடித்தவை என்பது. பெரிய சட்ட நிறுவனங்களிலும் நிதி நிறுவனங்களிலும் வாரம் 60 மணி நேரம் உழைப்பவர், 30 மணி நேரம் உழைப்பவரைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகச் சம்பாதிக்கிறார். கட்சிக்காரர் நடுராத்திரியில் கூப்பிட்டாலும் போனை எடுக்கிறார், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒப்பந்தத்தைத் திருத்துகிறார். சம்பளத்தில் ஒரு பகுதி அவருடைய அறிவுக்கு. இன்னொரு பகுதி கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவதற்கு.

அதனால் நீ கேட்ட இரண்டும், அதாவது பணமும் நேரமும், பெரும்பாலான தொழில்களில் ஒன்றோடொன்று மோதுபவை. மோதாத இடங்கள் சில உண்டு. அவற்றைத் தேடுவதுதான் உன் வேலை.

கோல்டினே ஓரிடத்தைக் காட்டுகிறார். லாரன்ஸ் காட்ஸ் என்பவரோடு சேர்ந்து அமெரிக்க மருந்தாளுநர்களைப் பற்றி அவர் ஆராய்ந்தார். அந்த நாட்டில் அது நல்ல சம்பளமுள்ள தொழில். நம் ஊர் மருந்துக்கடைச் சம்பளத்தை வைத்து எடைபோடாதே. முன்பெல்லாம் அங்கே மருந்தாளுநர் என்றால் சொந்தக் கடைக்காரர். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் இருந்தாக வேண்டும். பிறகு பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன, நோயாளி வாங்கும் மருந்துகளின் விவரமெல்லாம் கணினியில் ஏறியது, மருந்துகளும் ஒரே தரத்தில் ஆலையிலிருந்தே வரத் தொடங்கின. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம் என்ற நிலை வந்தது. விளைவு என்ன தெரியுமா? அரை நாள் வேலை பார்ப்பவருக்கும் முழு நாள் வேலை பார்ப்பவருக்கும் மணிக்கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே ஊதியம். நேரத்தைக் குறைத்துக்கொண்டதற்குத் தண்டனை இல்லை. யாரும் போராடிப் பெற்ற சலுகை இல்லை அது; தொழிலின் அமைப்பு மாறியதால் தானாக வந்தது.

இங்கே உன் வயதுப் பிள்ளைகள் அடிக்கடி போட்டுக் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பார்க்கும் வேலை வேறு, நேரம் நம் கையில் உள்ள வேலை வேறு. பெங்களூரில் அர்ஜுன் கல்யாண்பூர், சுனிதா மகேஸ்வரி என்ற மருத்துவத் தம்பதி 2002இல் டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இரவு நேரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் படங்கள் இணையம் வழியாக வரும்; நம் பகல் வெளிச்சத்தில் மருத்துவர் அதைப் படித்து அறிக்கை அனுப்புவார். அருமையான யோசனை, நல்ல ஊதியம், எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். ஆனால் பக்கவாதம் வந்த நோயாளியின் படம் நிமிடக் கணக்கில் படிக்கப்பட வேண்டும். அந்த ஷிப்டில் இருக்கும் மருத்துவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர எழுந்து போக முடியாது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் அலுவலகம் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அங்கும் கிராமத்துக்கு வந்தது வேலை. நேரம் பழைய நேரம்தான்.

ஆக, ஒரு வேலையை எடைபோடும்போது அதற்கு எத்தனை மணி நேரம் என்று கேட்காதே. பதில் எப்போது வேண்டும் என்று கேள். நிமிடத்தில் வேண்டுமா, அன்றைக்கே வேண்டுமா, மாதக் கணக்கில் கெடு உண்டா? கெடு நீளமாக இருந்தால், இடையில் இருக்கும் நாட்கள் உன்னுடையவை. ஆன்லைன் டியூஷன் பார், கெடு மாணவன் பள்ளி விட்டு வரும் மாலை ஆறு மணி. ஆயுள் காப்பீட்டு முகவரைப் பார், அவருக்கு மேலதிகாரி இல்லை, பழைய பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் ஆண்டுக்கணக்கில் வரும். ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வேலை நாள்.

மென்பொருள் துறையில் இந்தக் கெடுவை வேண்டுமென்றே நீட்டிய நிறுவனங்கள் உண்டு. வேர்ட்பிரஸ் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் 2005இல் தொடங்கியது முதலே ஆட்கள் ஆளுக்கொரு ஊரில். சான் பிரான்சிஸ்கோவில் வைத்திருந்த அலுவலகத்தையும் யாரும் வருவதில்லை என்று 2017இல் மூடிவிட்டார்கள். கிட்லேப் நிறுவனத்தில் எல்லா முடிவும் எழுத்தில் இருக்கும். அவர்களுடைய கையேடு 2000 பக்கங்களைத் தாண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் படித்துப் பதில் எழுதுவார். கூட்டம் கூட்டிப் பேச வேண்டியதில்லை. இங்கெல்லாம் சேர நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, நினைப்பதைத் தெளிவாக எழுதவும் தெரிய வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்: கிட்லேப் ஊருக்கேற்பச் சம்பளம் வகுக்கும் நிறுவனம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அமெரிக்கச் சம்பளம் என்று கனவு காணாதே.

முதலாளி கொடுக்கும் நேரச் சுதந்திரத்தை முதலாளியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதும் உண்மை. அமெரிக்காவின் பெரிய மின்னணுப் பொருள் கடைச் சங்கிலியான பெஸ்ட் பை, மின்னசோட்டாவில் உள்ள தலைமையகத்தில் ஒரு துணிச்சலான ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எப்போது வேண்டுமானாலும் வா, போ. வேலை முடிந்ததா என்பது மட்டுமே கணக்கு. காலி ரெஸ்லர், ஜோடி தாம்சன் என்ற இரு பெண் ஊழியர்கள் வடிவமைத்தது அது. மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. இருந்தும் 2013இல், விற்பனை சரிந்த காலத்தில், புதிய தலைமை நிர்வாகி வந்து அதை ரத்து செய்துவிட்டார். கடைகளில் நின்று விற்றவர்களுக்கு அந்தச் சலுகை தொடக்கத்திலிருந்தே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி உன் படிப்புக்கு வருகிறேன். நீ உயிர்த் தொழில்நுட்பம் படித்தவள். ஆய்வகம், மருந்து நிறுவனம், கல்லூரி வேலை என்று மூன்று வாசலை மட்டுமே பார்க்கிறாய். நான்காவது வாசல் ஒன்று இருக்கிறது: பேட்டன்ட் ஏஜென்ட், அதாவது கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்யும் காப்புரிமை முகவர். இந்தியக் குடிமகளாக, 21 வயது நிறைந்தவளாக, அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற்றவளாக இருந்தால் காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வை எழுதலாம். சட்டப் படிப்பு தேவையில்லை. இரண்டு எழுத்துத் தாள், ஒரு நேர்முகம். ஒவ்வொரு எழுத்துத் தாளிலும் 50 விழுக்காடு, மொத்தத்தில் 60 விழுக்காடு வாங்க வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் தேர்வு இல்லை. அறிவிப்பு வரும்போது ஆயத்தமாக இருப்பவர்கள்தான் பிழைக்கிறார்கள்.

இந்தத் தொழிலை உனக்குச் சொல்வதற்குக் காரணம் அதன் கெடுக்கள். கண்டுபிடிப்பாளர் ஒருவர் தன் கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக் குறிப்பைத் தாக்கல் செய்தால், முழு விவரக் குறிப்பைத் தர 12 மாதம் உண்டு. அலுவலகம் ஆராய்ந்து ஆட்சேபம் எழுப்பினால் பதில் சொல்ல 6 மாதம். கேட்டால் மேலும் 3 மாதம். ஏஜென்ட்கள் எல்லாவற்றையும் இணையம் வழியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும், ஆகவே சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு அலைச்சல் இல்லை. விசாரணையும் வீடியோவில் நடக்கும். அந்த ஒரு நாளை அலுவலகம் குறிக்கும். மற்ற நாட்களை நீ குறித்துக்கொள்ளலாம். கட்டணம் பெரும்பாலும் ஆவணத்துக்கு இவ்வளவு என்று பேசுவது. ஒரு நொதியையோ நுண்ணுயிரையோ பற்றிய கண்டுபிடிப்பில் எந்தெந்த அம்சத்துக்கு உரிமை கோருவது என்று வாக்கியம் வாக்கியமாகச் செதுக்க, அறிவியலும் மொழியும் சட்டமும் ஒரே தலையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு. அதனால்தான் விலை.

ஆனால் இந்தச் சுதந்திரம் முதல் நாளே கிடைக்காது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடித்ததைப் புதியவள் ஒருத்தியின் கையில் எவரும் கொடுக்க மாட்டார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு நிறுவனத்தில், கண்டிப்பான சீனியர் ஒருவரிடம், ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து சில ஆண்டுகள் கிளெய்ம், அதாவது உரிமைக் கோரிக்கை, எழுதி அடி வாங்கியாக வேண்டும். உன் அப்பன் சொல்வதில் அவ்வளவு மட்டும் நியாயம் இருக்கிறது.

இயந்திரம் இதையும் எடுத்துக்கொள்ளாதா என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அமெரிக்க மருத்துவர் பேசியதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. வீட்டிலிருந்தே பார்த்தவர்கள் ஏராளம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் அது தேய்ந்தது. காப்புரிமையின் முதல் வரைவையும் இப்போது இயந்திரம் எழுதத் தொடங்கிவிட்டது. ஆனால் பதிவு பெற்றவர் ஒருவர் கையொப்பமிட்டு, விசாரணையில் பதில் சொல்லி, தவறுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற இடம் அப்படியே இருக்கிறது. தட்டச்சு செய்வதை மட்டும் நம்பியவர்களுக்கு அந்த இடம் இருக்கவில்லை.

பணக் கணக்கைச் சரியாகப் போடு. சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து அதையே கட்டணமாகக் கேட்பவர்கள் நட்டப்படுகிறார்கள். அலுவலகத்தில் இருந்தால் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு, மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் உண்டு. பேறுகால விடுப்பு 26 வாரம் என்று சட்டம் சொல்வது வேலையில் இருக்கும் பெண்ணுக்கு. தனியாகத் தொழில் செய்பவளுக்கு அந்த 26 வாரமும் அவள் சேமிப்பிலிருந்துதான். தனித் தொழிலுக்குச் சில வசதிகளும் உண்டு. மருத்துவம், சட்டம், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில், ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். ரொக்கமாக வாங்குவது 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். முதல் விலைப்பட்டியல் அனுப்புவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடு.

"தினமும் இரண்டு மணி நேரம், வீட்டிலிருந்தே ஐயாயிரம்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகிறதே, அதில் ஒன்றையும் தொடாதே. முதலில் சில நூறு ரூபாய் கொடுப்பார்கள், பிறகு பணம் கட்டச் சொல்வார்கள். வேலை கொடுப்பவர் உன்னிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. தெரிந்தவர் யாராவது மாட்டிக்கொண்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்.

கடைசியாக, நேரத்துக்காக எவ்வளவு பணத்தை விடுவாய் என்று ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள். அமெரிக்காவில் அலெக்சாண்டர் மாஸ், அமாண்டா பல்லே என்ற இரு ஆய்வாளர்கள் வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். வேலை நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்வதற்காகப் பெரும்பாலோர் சம்பளத்தில் எதையும் விடத் தயாராக இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சராசரியாக 8 விழுக்காடு விடத் தயாராக இருந்தார்கள். முதலாளி திடீர் திடீரென நேரத்தை மாற்றும் வேலையிலிருந்து தப்பிக்கச் சராசரியாக 20 விழுக்காடு. நேரச் சுதந்திரம் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், விலை என்று வந்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள். நீ எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. இரண்டாம் தாள்தான் விவரக் குறிப்பு எழுதும் தாள். அதில் ஒன்றை எடுத்து, புத்தகம் பார்க்காமல் எழுதி, எனக்கு அனுப்பு. எழுதும்போது நேரம் போனதே தெரியவில்லை என்றால் சொல், சென்னையில் யாரிடம் போய்ச் சேரலாம் என்று விசாரிக்கத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா