நிருவாகி உரிமையின்றி மென்பொருள் நிறுவுதல்

துறைக் கணிப்பொறியில் நமக்கு நிருவாகி உரிமை இல்லை. ஜி.எஸ்.எல். என்னும் கணித நூலகம் வேண்டி நான் விடுத்த விண்ணப்பத்திற்கு மூன்று வாரமாக மறுமொழி வரவில்லை. ஆய்வேடு தரும் நாளோ நெருங்கிற்று. பிறகுதான் விளங்கிற்று: உரிமை வேண்டுவது மென்பொருளுக்கன்று, அது வழக்கமாகச் சென்றமரும் பொது அடைவில் எழுதுவதற்கே.

ஆகவே மூலநிரலை நம் ஹோம் அடைவில் விரித்து, 'கான்ஃபிகர்' கட்டளையில் 'பிரீஃபிக்ஸ்' என்பதற்கு அங்குள்ள ஓர் அடைவின் முழுப்பாதையைக் கொடுங்கள். பின்னர் 'மேக்', 'மேக் இன்ஸ்டால்'. 'சூடோ' வேண்டா.

முடிந்ததென நான் மகிழ்ந்தது பிழை. அவ்வடைவைத் தொகுப்பானுக்குக் காட்டியதால் என் நிரல் தொகுந்தது. ஓட்டியதுமோ, நூலகத்தைக் காணோமென்று நின்றது! ஓடும் வேளையில் நூலகத்தைத் தேடுவது வேறொரு நிரல். அதற்கும் இடம் சொல்லவேண்டும். 'எல்டி லைப்ரரி பாத்' மாறியில் நம் 'லிப்' அடைவைச் சேர்த்தேன், கணக்கு ஓடிற்று.