பரணில் இருக்கும் காமிக்ஸை விற்கப் போகிறீர்களா?

எடைக்குப் போடும் முன் கட்டை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களையும், 1984-ல் பிறந்த லயன், ராணி காமிக்ஸின் முதல் இதழ்களையும் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு.

விலையில் பாதியை இதழின் நிலையே தீர்மானிக்கிறது. அட்டை இருக்கிறதா, நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா, பின் துருவேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாயாவி கதைகள் மறுபதிப்பாகவும் வந்திருப்பதால், அச்சிட்ட விலையையும் வெளியீட்டு எண்ணையும் சரிபார்ப்பது அவசியம். சேர்த்துத் தைத்து பைண்டு செய்த இதழ்களுக்கு ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், மதிப்பு குறைவுதான். அதற்காக இப்போது பிரிக்கப் போனால் தாளும் கிழியும். கிழிசலில் செலோ டேப் ஒட்டுவது அதைவிட மோசம். நாளடைவில் பசை மஞ்சள் கறையாகிவிடும்.

பழைய புத்தகக் கடைக்காரர் மொத்தமாகத்தான் விலை பேசுவார். அவருக்கும் லாபம் வேண்டுமே! அரிய இதழ்களைத் தனியே எடுத்துச் சேகரிப்பாளர்களிடம் நேரடியாக விற்றுவிட்டு, மிச்சத்தைக் கடைக்குக் கொடுக்கலாம். இராமபாணப் பூச்சி அரித்த பக்கத்தையும் மறைக்காமல் படமெடுத்து அனுப்பினால் பின்னால் தகராறு வராது.

பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. வாங்குபவர் அதைப் போடச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தபாலில் அனுப்பும்போது பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டினால் மூலை மடங்காது, மழையிலும் நனையாது.