குடல்நோய் வேடத்தில் வரும் நிணநீர்ப்புற்று

வயிற்றுவலி, கழிச்சல், பசியின்மை, உடல்மெலிவு என்னும் இவை மருத்துவர் நாள்தோறும் கேட்கும் முறைப்பாடுகளாம். கேட்ட மாத்திரத்தே சீதபேதி, குடற்காசம், குடல்வால் அழற்சி எனப் பழகிய பெயரொன்று நினைவில் எழுதல் இயல்பு. மிகப் பலரிடத்து அப்பெயரே பொருந்தும். மிகச் சிலரிடத்தோ, அப்பழகிய வேடத்தினுள்ளே லிம்போமா எனப்படும் நிணநீர்ப்புற்று மறைந்திருக்கும். அதனை அறியும் நெறியை இங்கே சுருக்கமாக ஆராய்வாம்.

நிணநீர்த் திசு கழுத்திலும் அக்குளிலும் மட்டும் அமைந்ததன்று. உணவோடு புகும் கிருமிகளை எதிர்க்கும் பொருட்டுக் குடற்சுவரிலும் அது செறிந்துள்ளது. யோகான் கொன்ராட் பேயர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1677-ஆம் ஆண்டில் விளக்கிய நிணநீர்த் திட்டுகள் சிறுகுடலின் கடைப்பகுதியிலே மிகுதி. குடற்காசமும் க்ரோன் நோயும் அவ்விடத்தையே பெரிதும் பற்றுவன. இடம் ஒன்றாதலின் வலியும் கட்டியும் அடைப்பும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

நம் நாட்டில் இம்மயக்கம் காசநோயிடத்தே மிகுதி. மாலைக்காய்ச்சல், மெலிவு, வலப்புற அடிவயிற்றில் கட்டி, வீங்கிய கணுக்கள் ஆகிய யாவும் இரண்டிற்கும் பொது. ஆகவே, படத்தை மட்டும் நோக்கிக் காசமருந்து தொடங்குதல் போதாது; தொடங்கிய பின் சில திங்களில் குணம் தோன்றாவிடின், மருந்தை நீட்டுவதினும் நோயின் பெயரை ஐயுறுதலே அறிவுடைமை.

சிறுவரிடத்து வேடம் வேறு. குடலின் ஒரு பகுதி மற்றொன்றினுள் செருகிக்கொள்ளுதல் பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு நேர்வது. வளர்ந்த சிறுவனுக்கு அது நேரின், உள்ளே ஒரு கட்டி உண்டோ என வினவல் வேண்டும். விரைந்து பெருகும் பர்க்கிட் லிம்போமா இவ்வாறும், குடல்வால் அழற்சிபோலவும் வெளிப்படுவதுண்டு. ஆதலின், அறுவையில் எடுத்த பகுதியை ஆராயாது எறிதல் தகாது.

மூன்றாவது வேடம் நமக்குப் பெரும் படிப்பினையாம். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மேற்காசியாவிலும் இளைஞர் சிலர் நீடித்த கழிச்சலால் மெலிந்து, விரல்நுனி தடித்து வருந்தினர். மாக்சிம் செலிக்மன் முதலிய பிரெஞ்சு அறிஞர் 1968-இல் இத்தகைய நோயில் ஆல்பா சங்கிலி என்னும் குறைபட்ட புரதத்தைக் கண்டனர். இந்நோயினர் சிலரது குடலில் கம்பைலோபாக்டர் என்னும் கிருமியின் தொடர்பு 2004-இல் வெளியாயிற்று. தொடக்கநிலையில் டெட்ராசைக்கிளின் போன்ற எளிய மருந்தே பலருக்குப் பயன்தரும். காலம் தாழ்ப்பின் அது கொடிய புற்றாக மாறும். பெயரறிவதில் நேரும் தாமதம் எத்துணை விலையுடையது என்பதை இஃது உணர்த்தும்.

இனி மாணாக்கர் கொள்ளவேண்டிய நெறிகள்:

1. எடைக்குறைவு, தொடர்காய்ச்சல், மலத்தில் இரத்தம், உறக்கத்தினின்று எழுப்பும் கழிச்சல், கட்டி ஆகியவற்றுள் ஒன்று காணினும், 'குடற்கோளாறு' என விடுத்தல் ஆகாது.

2. திசுவே தீர்ப்பு. புற்று குடலின் உட்தோலுக்குக் கீழே பரவியிருத்தல் கூடுமாதலின், அகநோக்கியால் பல இடங்களில் துணுக்கு எடுத்தல் வேண்டும். ஒருமுறை புலப்படாமையால் இல்லையென முடித்தல் கூடாது.

3. நுண்ணோக்கியோடு நில்லாது, அணுக்களின் மேலுள்ள புரதங்களைச் சாயமேற்றி ஆராய்தலும், காசக்கிருமியைத் தேடுதலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும்.

4. அவசரமில்லாதவிடத்து, திசு எடுக்குமுன் ஸ்டீராய்டு கொடுத்தல் தவறு. அது புற்றைச் சிலகாலம் சுருக்கி, நோயாளி தேறினார் என மயக்கி, பின்னெடுக்கும் துணுக்கிலும் அடையாளத்தை மறைத்துவிடும்.

அரிய நோயை எங்கும் காண்பவன் நோயாளியை வீணே அலைக்கழிப்பான். எங்கும் காணாதவன் அவனை இழப்பான். பழகிய நோயை முதலில் எண்ணுக. அது தன் இயல்பின்படி நடவாதபோது, தயங்காது திசுவைக் கேட்க.