நண்பரைக் கேட்டு சிபாரிசு செய்யும் கம்ப்யூட்டர்

இன்டர்நெட்டில் ஒரு புத்தகமோ செல்போனோ தேடினால், "இதையும் பாருங்கள்" என்று பக்கத்திலேயே ஒரு பட்டியல் வருகிறதல்லவா? இதைத் தயாரிக்கும் புரோகிராமுக்கு ரெக்கமண்டேஷன் சிஸ்டம் என்று பெயர். நாம் சிபாரிசு என்றே வைத்துக் கொள்வோம்.

வழக்கமான முறை இதுதான். நீங்கள் 20 படங்களுக்கு ஸ்டார் கொடுத்திருக்கிறீர்கள். ஏறக்குறைய உங்களைப் போலவே ஸ்டார் கொடுத்தவர்களை கம்ப்யூட்டர் தேடிப் பிடிக்கும். அவர்களுக்குப் பிடித்து, நீங்கள் இன்னும் பார்க்காத படத்தை உங்களுக்குக் காட்டும். முகம் தெரியாத ஆட்கள்தான், ஆனாலும் நன்றாகவே வேலை செய்கிறது. புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் தடுமாறும். ஒன்றுக்குமே ஸ்டார் கொடுக்காதவரை யாரோடு ஒப்பிடுவது? எங்கள் துறையில் இதை கோல்ட் ஸ்டார்ட் என்போம். மார்கழிக் காலையில் முரண்டு பிடிக்கும் ஸ்கூட்டரை நினைத்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1999ல் தொடங்கிய எபினியன்ஸ் என்ற வெப்சைட்டில் (இப்போது இல்லை) பொருட்களைப் பற்றி மக்களே விமர்சனம் எழுதினார்கள். யாருடைய விமர்சனத்தை நம்புகிறீர்கள் என்றும் அதில் குறித்து வைக்கலாம். இத்தாலியைச் சேர்ந்த மாஸா, அவெசானி என்ற இரு ஆய்வாளர்கள் அதில் 49,290 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 5க்கும் குறைவான பொருட்களுக்கே மார்க் போட்டிருந்தார்கள். வழக்கமான முறை இவர்களிடம் திணறியது. நம்பிக்கைத் தொடர்பைச் சேர்த்ததும் இவர்களில் பலருக்குச் சிபாரிசு கொடுக்க முடிந்தது.

கணக்கு எளிதுதான். நீங்கள் ரவியை நம்புகிறீர்கள். அவர் மதிப்பு 1. ரவி மாலாவை நம்புகிறார். மாலா உங்களுக்கு ஒரு படி தள்ளி இருப்பதால் அவர் மதிப்பு 0.5 என்று கொள்வோம். ஒரு படத்துக்கு ரவி 4 ஸ்டார், மாலா 2 ஸ்டார் கொடுக்கிறார்கள். 4ஐ 1ஆலும், 2ஐ 0.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 5. இதை 1.5ஆல் வகுத்தால் 3.3. நீங்கள் எவ்வளவு ஸ்டார் கொடுப்பீர்கள் என்பதற்கு கம்ப்யூட்டரின் ஊகம் இதுதான்.

ஆனால் நண்பர் வேறு, நம்பிக்கை வேறு. சமையல் விஷயத்தில் என் அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. சினிமா விஷயத்தில் அவர் சிபாரிசு பக்கமே நான் போக மாட்டேன்! யாரை எந்த விஷயத்தில் நம்பலாம் என்று பிரித்துப் பார்க்காத புரோகிராம், உறவினர் கூட்டத்தையே உங்கள் தலையில் கட்டிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நண்பர் வாங்கியது உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் வாங்கியதும் அவருக்குத் தெரியும். ஃபேஸ்புக் 2007 நவம்பரில் பீக்கன் என்ற வசதியைக் கொண்டு வந்தது. வேறு வெப்சைட்டில் ஒருவர் வாங்கிய பொருள் அவர் நண்பர்களுக்குச் செய்தியாகப் போனது. பரிசாகக் கொடுக்க ரகசியமாக வாங்கியதுகூட வெளியே வந்துவிடலாம் அல்லவா? எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு வந்தது, 2009ல் பீக்கன் மூடப்பட்டது.

புதிதாக ஒரு தளத்தில் சேரும்போது "உங்கள் கான்டாக்ட்ஸை ஏற்றவா?" என்று கேட்டால், உடனே ஓகே கிளிக் செய்யாதீர்கள். போவது உங்கள் விவரம் மட்டுமல்ல. உங்களை நம்பி நம்பர் கொடுத்த டாக்டர், பால்காரர் எல்லோருடைய நம்பரும் போகும். ஸ்கிப் என்ற பட்டன் அநேகமாக அங்கேயே சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அதற்குப் பதிலாக உங்களுக்குப் பிடித்த ஏழெட்டு படங்களுக்கு நீங்களே ஸ்டார் கொடுத்துவிடுங்கள். ஸ்கூட்டர் கிளம்ப அது போதும்.