வண்டி நிற்க வேண்டும்

மட்டாஞ்சேரியில் பஜார் ரோடு குறுகலானது. மிளகு, சுக்கு, அரிசி மூட்டை ஏற்றிய லாரிகள் வரும். கைவண்டிகள் வரும். பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள். சுற்றுலா வந்தவர்கள் கடைகளை வேடிக்கை பார்த்தபடி நடுவில் நடப்பார்கள். இங்கே வண்டி ஓட்டுபவருக்கு வேகம் தேவையில்லை. பிரேக்தான் தேவை.

இந்த ஊரில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படி ஒரு குடும்பம். கணவர் மிளகுக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். பணம் சேர்த்து, பழைய சிறிய கார் ஒன்று வாங்கியிருந்தார்கள்.

ஒரு நாள் பிரேக் போட்டபோது 'கிரீச்' என்று சத்தம் வந்தது.

"மழையில் நனைஞ்சிருக்கும். போயிடும்" என்றார் கணவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கடலோர ஊரில் உப்புக் காற்று வீசும். இரவு வண்டி நின்றால் காலையில் பிரேக் டிஸ்க்கின் மேல் லேசாகத் துரு படியும். நாலைந்து முறை பிரேக் போட்டால் அது தேய்ந்து போகும். சத்தமும் நிற்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆனால் இந்தச் சத்தம் நிற்கவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. பிரேக் மிதிக்கும்போது காலுக்கடியில் பெடல் நடுங்கியது. அடுத்த வாரம் மூணாறு போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். மூணாறு மலை மேல் இருக்கிறது. ஏறுவது பெரிதல்ல, இறங்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோப்பும்படியில் நாற்பது ஆண்டு ஒர்க்ஷாப் வேலை பார்த்தவர். கேரளத்தில் தொழில் சொல்லித் தருபவரை ஆசான் என்பார்கள். இவரையும் எல்லாரும் ஆசான் என்றே கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

சைக்கிள் பிரேக்கைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் கட்டை இரண்டு பக்கமும் ரிம்மைப் பிடிக்கும். சக்கரம் நிற்கும். கார் பிரேக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றும். அதுதான் டிஸ்க். சிலர் ரோட்டர் என்பார்கள். தட்டின் இரண்டு பக்கமும் பிரேக் பேட் என்ற கட்டைகள் இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் இரும்புக் கை காலிப்பர். காலால் பெடலை மிதித்தால் குழாயில் உள்ள பிரேக் ஆயில் தள்ளப்படும். அது காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேட்டைத் தள்ளும். பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும்.

டிஸ்க் பிரேக் புதியதல்ல. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போது பேட் செம்பால் ஆனது. காது கிழியச் சத்தம் போடுமாம். நம் ஊர் அம்பாசடர் காரில் நெடுங்காலம் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் இருந்தது. மாருதி 800, ஆல்டோ போன்ற சிறிய கார்களில் முன்னே டிஸ்க், பின்னே டிரம்.

பிரேக் போட்டதும் வண்டி முன்பக்கம் சாயும். பாரம் முன்சக்கரங்களின் மேல் விழும். அதனால் முன் பிரேக்குக்கே வேலை அதிகம். பேட்டும் அங்கேதான் சீக்கிரம் தேயும். வேகம் கூடினால் வேலை இன்னும் கூடும். 40 கிலோமீட்டர் வேகத்தைவிட 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால், வண்டி நிற்க இரண்டு மடங்கு தூரம் போதாது. நான்கு மடங்கு தூரம் வேண்டும்.

ஜாக்கியை நம்பாதே

வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னார் ஆசான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்தினார்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டியும் ஆடும்.

பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். கணவர் உடனே சக்கரத்தைக் கழற்றப் போனார்.

"தம்பி, நில்லு! ஜாக்கி தூக்கத்தான். தாங்குறதுக்கு இல்லை" என்றார் ஆசான்.

அவர் இரும்பு ஸ்டாண்டு கொண்டு வந்திருந்தார். வண்டியின் அடியில், அதற்கென்று உள்ள உறுதியான இடத்தில் அதை வைத்தார். ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரத்தை ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்தார். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார். ஸ்டாண்டு சரிந்தாலும் சக்கரம் தாங்கும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ முட்டுக் கொடுக்கக் கூடாது. அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு கிடைக்கவில்லை என்றால் அன்று வேலையே வேண்டாம்.

ஒரு ரூபாய் நாணயக் கணக்கு

காலிப்பரின் பின்னால் இரண்டு போல்ட் இருந்தன. அவற்றைக் கழற்றினார்கள். காலிப்பர் கையோடு வந்தது. அதை ரப்பர் குழாயில் தொங்க விடக் கூடாது. குழாய் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. கம்பி கொண்டு மேலே கட்டினார் ஆசான்.

எந்த போல்ட் எங்கே இருந்தது என்று மனைவி ஒரு தாளில் எழுதி வைத்தார். போல்ட்டுகளை அந்தத் தாளின் மேலேயே வரிசையாக வைத்தார். இது நல்ல வழக்கம். வேறொன்றும் உண்டு. ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டை எடுத்துப் பார்த்தார்கள். உள்பக்கத்து பேட்டில் தேயும் பொருளே இல்லை. இரும்போடு இரும்பு உரசியிருந்தது. டிஸ்க்கில் வரி வரியாகக் கோடு விழுந்திருந்தது.

கறுப்புத் தூள் நிறைய இருந்தது. கணவர் வாயால் ஊதப் போனார். ஆசான் கையைப் பிடித்துத் தடுத்தார். பழைய பேட்டுகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோய் வரும். ஊதக் கூடாது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

"பேட் மட்டும் மாத்திட்டா போதாதா ஆசானே? டிஸ்க் வேற செலவு" என்றார் கணவர்.

"நான் சொல்ல மாட்டேன். டிஸ்க்கே சொல்லும். தங்கச்சி, இங்க என்ன எழுதியிருக்குன்னு படிம்மா."

பல டிஸ்க்குகளில் குறைந்த தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். மனைவி துருவைத் துடைத்துவிட்டுப் படித்தார். 8 மில்லிமீட்டர். டிஸ்க் அதைவிட மெலிந்தால் சூடு தாங்காது. நெளியலாம், வெடிப்பு விடலாம்.

இப்போது அளக்க வேண்டும். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று நிற்கும். அளவுக் கருவியின் வாய் அந்த விளிம்பில் பட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆசான் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் கேட்டார். தேய்ந்த இடத்தில் இரண்டு பக்கமும் நாணயத்தை வைத்து, சேர்த்து அளந்தார். 10.5 மில்லிமீட்டர். இரண்டு நாணயங்களை மட்டும் அளந்தார். 3 மில்லிமீட்டர்.

"கழிச்சுச் சொல்லும்மா."

"ஏழரை" என்றார் மனைவி. பிறகு கணவரைப் பார்த்து, "எட்டுக்குக் கீழே போயிடுச்சு. புதுசு வாங்குங்க" என்றார்.

கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. இது அந்த வண்டியின் எண். வேறு வண்டிக்கு எண் மாறும். டிஸ்க்கில் எழுத்து அழிந்திருந்தால் வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புதியதை மாட்டுவது

பழைய டிஸ்க் துருவால் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கடலோர ஊரில் இது சாதாரணம். காலிப்பர் தாங்கியை முதலில் கழற்றினார்கள். டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றில் போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கியதும் டிஸ்க் தானாக வெளியே வந்தது. சில வண்டிகளில் டிஸ்க்கைக் கழற்ற ஹப்பையே இழுத்து எடுக்க வேண்டும். அதை ஒர்க்ஷாப்பில் விடுவதே மேல்.

டிஸ்க் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத் தாளாலும் தேய்த்தார்கள். அங்கே துருத் துணுக்கு ஒன்று இருந்தாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றும். பெடல் மறுபடி நடுங்கும். புதிய டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பேட்டிலும் டிஸ்க்கிலும் எண்ணெய்க் கை படக் கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும்.

காலிப்பர் நகர்கிற ஊசிகள் இறுகிப் போயிருந்தன. அதனால்தான் ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது. அவற்றைச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவினார் ஆசான். இதைச் செய்யாமல் புது பேட் போட்டால் பணம் வீண்.

புது பேட் தடிமனாக இருக்கும். அதனால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேட்டை வைத்து, கிளாம்ப்பால் மெதுவாகத் தள்ளினார்கள். தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். மனைவி அதன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயில் வழிந்தால் பெயிண்ட் போய்விடும்.

அந்த நேரத்தில் சின்னப் பையன் விளையாட்டாக ஓட்டுநர் சீட்டில் ஏறினான். பெடலில் கால் வைக்கப் போனான்.

"டேய், இறங்கு!" மனைவி ஓடிப்போய்த் தூக்கினார்.

காலிப்பர் கழன்று இருக்கும்போது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும். ஆயில் கொட்டும். வேலை செய்பவரின் விரலும் நசுங்கும். முதலிலேயே கதவைப் பூட்டி, சாவியை மடியில் வைத்திருக்க வேண்டும். ஆசானுக்கே அன்று அது மறந்துவிட்டது.

எல்லா போல்ட்டையும் முறுக்கிய பின் தாளைப் பார்த்தார்கள். தாளில் ஒன்றும் மிச்சமில்லை. சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினார்கள். மறுபக்கமும் இப்படியே முடிந்தது. பகல் இரண்டு மணி ஆகிவிட்டது.

முதல் மிதி

கணவர் வண்டியில் ஏறினார். "எடுக்காதே. முதல்ல பிரேக்கை மிதி" என்றார் ஆசான்.

மிதித்தார். பெடல் தரை வரை போயிற்று. கணவரின் முகம் வெளுத்தது.

பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தார்கள் அல்லவா? அது மறுபடி வந்து பேட்டைத் தொட வேண்டும். திரும்பத் திரும்ப மிதித்தார். ஏழெட்டு மிதியில் பெடல் கெட்டியாயிற்று. இதைச் செய்யாமல் தெருவில் இறக்கியிருந்தால் முதல் வளைவிலேயே வண்டி நின்றிருக்காது. எத்தனை மிதித்தாலும் பெடல் மெத்தென்று இருந்தால், அல்லது எங்காவது ஆயில் கசிந்தால், வண்டியை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு அழைக்க வேண்டும்.

ஆயில் மட்டத்தையும் பார்த்தார்கள். ஆயில் பழுப்பாக இருந்தது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். கொச்சி மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 3 வகைப் புது ஆயில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். பெடலை மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. அதனால் மறுநாளே ஒர்க்ஷாப்பில் ஆயிலை மாற்றினார்கள். டப்பாவின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அதையே ஊற்ற வேண்டும்.

புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். கூட்டம் இல்லாத சாலையில், நடுத்தர வேகத்தில் போய், மெதுவாகப் பத்து முறை பிரேக் போட்டார் கணவர். நடுவில் சூடு ஆற இடைவெளி விட்டார். வீட்டுக்கு வந்ததும் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் மூணாறு போனார்கள். இறங்கும்போது கணவர் இரண்டாவது கியரிலேயே வந்தார். பிரேக்கில் காலை அழுத்தியே வைக்கவில்லை. அடிமாலி தாண்டி, சீயப்பாறை அருவி அருகே டீ குடிக்க நிறுத்தினார்கள். பிள்ளைகள் அருவியைப் பார்க்க ஓடினார்கள். மனைவி முன்சக்கரங்களின் அருகே குனிந்தார். தொடாமல், கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுட்டால் காலிப்பர் இறுகியிருக்கிறது என்று ஆசான் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே சூடுதான்" என்றார் மனைவி. கணவர் டீ கிளாஸை அவரிடம் நீட்டினார்.