காந்தத்தைக் கழற்றிய கார்ட்டினா

தடத்தின் பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் 1/32 அளவு ஸ்லாட் கார்களில் என் மனம் எப்போதும் 1960களின் டூரிங் ரேஸ் கார்கள் பக்கம்தான் போகும். அவற்றிலும் முதலிடம் வெள்ளை உடலில் பச்சைப் பட்டை ஓடும் லோட்டஸ் கார்ட்டினாவுக்கு. 1964இல் ஜிம் கிளார்க் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனது இந்தக் காரில்தான். வளைவில் உள்பக்க முன்சக்கரம் தரையை விட்டு எழும்ப அவர் பாய்கிற படங்களைப் பார்த்தால் இந்தப் பெட்டி வடிவத்தின் அழகு பிடிபடும்.

அந்த ஆட்டம் மாடலிலும் வேண்டுமென்றால், முதலில் அடியில் இருக்கும் காந்தத்தைக் கழற்றிவிடுங்கள். காந்தம் இருக்கும்வரை கார் தடத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். பிடி விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிடும். காந்தம் இல்லாத கார் முதலில் வாலை வீசிக் காட்டும். விசையைத் தளர்த்த உங்களுக்கு ஒரு நொடி கிடைக்கும். ஓட்டுவதன் சுகமே அந்த நொடியில்தான் இருக்கிறது.

ஆனால் கழற்றியதோடு வேலை முடியாது. இந்தக் கார்கள் உயரம், அகலமோ குறைவு. சறுக்குவதற்குப் பதில் சாய்ந்து கவிழப் பார்க்கும். மெல்லிய ஈயத் தகட்டைச் சேசிஸின் நடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒட்டுங்கள். உடலைப் பிடிக்கும் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் மேலுடல் லேசாக அசையும். சேசிஸ் தடத்தோடு படிந்து ஓடும். செலவில்லாத இந்த ஒரு மாற்றம் தரும் பலன் வியக்க வைக்கும்.

பின்டயர்கள்தான் பாதி வெற்றி. ரிம்மில் சூப்பர் குளூ வைத்து ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, சுழலும் டயரை மெல்லிய உப்புத்தாளில் பட்டும் படாமலும் பிடித்துத் தேயுங்கள். ரப்பர் முழு வட்டமானதும் குதிப்பு நின்றுவிடும். பொறுமை முக்கியம், அழுத்தினால் ரப்பர் சூடாகிக் கெட்டுவிடும்.

தடத்தின் மின்னழுத்தத்தைக் குறைக்க வசதி இருந்தால் 10 வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி, பம்பர் போன்ற நுண்ணிய பாகங்களைப் பழகும்வரை கழற்றிப் பெட்டியில் வையுங்கள். கார்ட்டினா எப்படியும் சில முறை உருளும்.