மாவா, ஏக்கரா, ஹெக்டேரா?

வலங்கைமான் பக்கம் ஒரு துண்டு நன்செய் விலைக்கு வந்தால் தரகர் அதை "மூணு மா" என்பார். பத்திரத்தில் 99 சென்ட் என்று எழுதியிருக்கும். பட்டாவிலோ 0.40 என்று தொடங்கும் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. அந்த வயலின் கண்டுமுதலை உழவர் மூட்டையில் சொல்வார், கொள்முதல் நிலையம் கிலோவில் எழுதும், கோயில் நிலமாக இருந்தால் குத்தகைப் பேச்சு கலத்தில் நடக்கும். வயலுக்கு வரும் தண்ணீரை மேட்டூரில் டிஎம்சியிலும் ஆற்றில் கன அடியிலும் கணக்கிடுகிறார்கள். வானத்திலிருந்து விழும் அதே தண்ணீர் மட்டும் மில்லிமீட்டர். மெட்ரிக் அளவைக்கு மாறுவதென்று நாடாளுமன்றம் 1956-லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் ஒரு நாடு மாறலாமா வேண்டாமா என்ற கேள்வி காவிரி டெல்டாவில் பாதி வழியில்தான் நிற்கிறது. மிச்சமிருக்கும் பாதியை எப்படித் தீர்ப்பது? எல்லா இடத்துக்கும் ஒரே விடை பொருந்தாது. ஓர் அளவு சொல்பவரும் கேட்பவரும் ஒரே வரப்பில் நிற்கும்வரை எந்த அளவும் போதும். அந்த எண், பொருளைக் கண்ணால் பார்க்காத ஒருவரின் கைக்குப் போகும் நிமிடத்தில் மெட்ரிக்குக்கு மாறியாக வேண்டும். தேர்வுக்கு இந்த ஒரு விதி போதும் என்பது என் கட்சி.

பழைய அளவுகளை விடுவது மரபை விடுவது என்று சிலர் வருந்துகிறார்கள். மரபு என்ன செய்தது என்று தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே பார்க்கலாம். கோயிலுக்குரிய நெல் 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளக்கப்பட்டது. அது 'ராசகேசரி' மரக்காலுக்குச் சமம் என்று கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. பொன்னை நிறுக்க ஒரு கல், மணிகளை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்று வேறொரு கல். ஊருக்கொரு மரக்காலும், பன்னிரு சாண், பதினாறு சாண் என்று இடத்துக்கொரு கோலும் புழங்கிய காலத்தில், எந்த மரக்கால், எந்தக் கோல் என்று பெயர் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ராசராசன் காலத்து நில அளவையில் வேலி என்ற நில அலகின் பின்னம் ஐயாயிரம் கோடியில் ஒரு கூறுக்கும் கீழே இறங்குகிறது என்பதைப் பலரும் பெருமையாக எடுத்துக்காட்டுவார்கள். இன்றைய வேலிக் கணக்கில் அது சுமார் அரை சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அவ்வளவு நுட்பமாக அளக்காது. அது வரி போட்ட கணக்கரின் திறமை. எப்படியானாலும் ஓர் அரசு வளர வளர அளவுகளை ஒன்றாக்கப் பார்க்கும் என்பதற்குச் சோழநாடே சாட்சி. அந்த வேலையைத்தான் 1956 சட்டம் பெரிய அளவில் செய்தது.

செய்த விதமும் கவனிக்கத்தக்கது. வெள்ளைக்காரர் ஆட்சியில், கிலோகிராமுக்குச் சமமான சேரை அடிப்படையாக வைத்து 1871-லேயே ஒரு சட்டம் வந்தது; நடைமுறைக்கு வராமலே கிடந்தது. சுதந்திர இந்தியா முதலில் காசில் கைவைத்தது. 1957 ஏப்ரல் 1 முதல் பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசா ஆனது. பத்துப் பத்தாக எண்ணும் பழக்கம் சந்தையில் நுழைந்த பிறகு, 1958 அக்டோபர் 1-இல் எடைகள் மாறத் தொடங்கின. துறை துறையாக, வட்டாரம் வட்டாரமாக, பழையதும் புதியதும் சில காலம் சேர்ந்து ஓட இடம் கொடுத்து, பிறகு பழையதைச் சட்டப்படி நிறுத்தினார்கள். அமெரிக்கா 1975-இல் சட்டம் போட்டது. ஆனால் மாறுவது அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. அதற்கான வாரியமும் 1982-இல் கலைக்கப்பட்டது. அமெரிக்கர் இன்னும் பவுண்டில் நிறுக்கிறார்கள். நாள் குறிக்காத மாற்றம் நடக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். "அங்குலத்தை வைத்துக்கொண்டே நிலவுக்குப் போனார்களே" என்று கேட்கலாம். போனார்கள்தான். 1999-இல் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலத்தையும் அவர்களே தொலைத்தார்கள். உந்துவிசைக் கணக்கை ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டில் கொடுத்தது, வாங்கிய குழு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் தன்னளவில் சரியாகவே கணக்குப் போட்டிருந்தன. எண் கை மாறிய இடத்தில்தான் கோளாறு.

டெல்டாவில் அந்தக் கைமாற்றம் நீண்ட காலம் களத்துமேட்டில் நடந்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்கலாம்; வாரம் பிரிக்க இதைவிட வசதியான எண் இல்லை. மெட்ரிக்கை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இதுதான், அதை நான் மறுக்கவில்லை. பிரிப்பது வசதி என்பதால் மரக்கால் நேர்மையானது என்று ஆகிவிடாது. கொள்ளளவில் நெல்லைக் குவித்து அளக்கலாம், தலைதட்டி அளக்கலாம், வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி கொடுக்கும்போது வேறொன்று வைத்துக்கொள்ளலாம். 1940-களில் பி. சீனிவாசராவ் முன்னின்ற கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கம், கள்ள மரக்கால் ஒழிய வேண்டும், கூலி நெல்லை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்று கேட்டது சும்மா இல்லை. கூலியை உயர்த்திக் கேட்பதற்கு இணையாக, அளக்கும் பாத்திரத்தைக் கேட்க வேண்டியிருந்தது. மரக்கால் நம்முடையது, மெட்ரிக் வெளியிலிருந்து வந்தது என்று ஏங்குகிறவர்கள், அந்த மரக்கால் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கிலோ வந்ததால் ஏமாற்று ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைக்குக் கூடுதலாக நெல் வாங்குகிறார்கள் என்ற புகார் அறுவடைதோறும் எழுகிறது. எடைக்கு மாறியபோது ஈரமும் காசாகிவிட்டது. 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பு அதனால்தான் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்றைத் தராசில் வைத்தால் யாரும் எந்த நேரத்திலும் சரிபார்க்கலாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை உண்டு, கேட்டுப் பார்க்கலாம். பக்கத்து ஊர் மரக்காலைச் சரிபார்க்க அப்படி எளிதான வழி இருந்ததில்லை. ஆகவே நெல் விஷயத்தில் தேர்வு எளிது: கிலோ. மூட்டை என்ற சொல்லைத்தான் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். தனியார் வியாபாரியிடம் 60 கிலோ ஒரு மூட்டை, அரசு நிலையத்தில் 40 கிலோ ஒரு மூட்டை. ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டது என்று ஒருவர் சொன்னால் அது 1,800 கிலோவா 1,200 கிலோவா என்பது அவர் எங்கே போட்டார் என்பதைப் பொறுத்தது.

இந்தக் குழப்பத்துக்கு நேரடி விலை பயிர்க் காப்பீட்டில் இருக்கிறது. இழப்பீட்டைத் தீர்மானிப்பது பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி அறுத்து, அடித்து, நிறுத்து, அதிலிருந்து ஹெக்டேர் மகசூலைக் கணக்கிடுகிறார்கள். 25 சதுர மீட்டரில் கிடைத்த கிலோவை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான அளவு வந்துவிடும். 11 கிலோ கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,400 கிலோ. 60 கிலோ மூட்டையில் ஏக்கருக்கு ஏறத்தாழ முப்பது, மாவுக்குப் பத்து. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை வரப்பில் நின்றே போட்டுவிடக்கூடிய கணக்கு. ஆனால் வயலைச் சுற்றி நிற்பவர்கள் மாவிலும் மூட்டையிலும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தால், அதிகாரி எழுதும் எண் தங்கள் ஊரின் இழப்பைக் காட்டுகிறதா மறைக்கிறதா என்று அந்த இடத்திலேயே கேட்க முடியாது. ஆறு மாதம் கழித்துப் பட்டியல் வந்தபின் கேட்டுப் பயனில்லை. மெட்ரிக் தெரிந்திருப்பது இங்கே நேரடியாகப் பண விஷயம்.

நிலத்தில் விடை இவ்வளவு சுலபமில்லை. டெல்டாவில் பன்னிரண்டு அடிக் கோலால் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி, 33 சென்டுக்கு ஒரு முடி அதிகம், 1,338 சதுர மீட்டர். மூன்று மா ஓர் ஏக்கர் என்ற வாய்க்கணக்கு ஒரு சதவீதத்துக்குள் சரியாக இருப்பதால்தான் மாவும் ஏக்கரும் இத்தனை காலம் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்கின்றன. ஹெக்டேரோ ஏழரை மா. யாருடைய வயலும் அந்த அளவில் இல்லை. வரப்புக்குள் நடக்கும் வேலைக்கு, அதாவது நடவு ஆள் பேச, ஏர் ஓட்ட, நாற்று கணக்கிட, மா போதும், அதுவே நல்லது. உரத்தில்கூட அது உதவுகிறது: ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரையை முழுக்க யூரியாவாக மாற்றினால் 326 கிலோ; ஒரு மாவுக்கு அது 44 கிலோ, கிட்டத்தட்ட ஒரு மூட்டை. தவணை தவணையாக இட்டு முடிக்கும்போது மாவுக்கு ஒரு மூட்டை என்று ஞாபகம் வைத்தால் போதும். அதே பரிந்துரைத் தாளில் உள்ள ஹெக்டேர் எண்ணை ஏக்கருக்கு என்று படித்துவிட்டால் உரம் இரண்டரை மடங்காகிவிடும். பயிர் சாய்ந்து, பூச்சி மொய்த்த பிறகுதான் தவறு தெரியும்.

வரப்பைத் தாண்டி நிலம் விற்பனைக்கும் வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது நிலைமை வேறு. அங்கே ஆதாரம் பட்டாவும் புல வரைபடமும், இரண்டும் மெட்ரிக். சென்டில் எழுதிய பத்திரமும் ஏர்ஸில் எழுதிய பட்டாவும் ஒத்துப்போகாதபோது அந்த வித்தியாசம் கணக்கு மாற்றியதில் வந்ததா, பக்கத்துக்காரர் வரப்பை நகர்த்தியதில் வந்ததா என்று தெரியாமல் வழக்கு நீள்கிறது. மூலத்தில் ஒரே அளவு இருந்தால் முதல் சந்தேகம் எழாது, இரண்டாவதை மட்டும் விசாரிக்கலாம். 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டமுறை அளவியல் சட்டம், விலை பேசுவதையே மெட்ரிக்கில் செய்யச் சொல்கிறது. மனை விளம்பரங்களில் சதுர அடி அசையாமல் நிற்பதைப் பார்த்தால் அந்தச் சட்டத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தண்ணீரில் நான் ஒரு தயக்கத்தோடுதான் மெட்ரிக் பக்கம் நிற்கிறேன். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில், கர்நாடகம் ஆண்டுதோறும் தரவேண்டியது 177.25 டிஎம்சி என்றது. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, உயரம் 120 அடி. வழக்கின் இரு தரப்பும், ஆணையமும், பத்திரிகைகளும் ஒரே அளவைப் பேசும்போது ஒரு மாநிலம் மட்டும் கன மீட்டருக்குத் தாவினால் புதிய குழப்பமே மிஞ்சும். 120 அடி என்பதும் ஓர் அணையை அதனோடே ஒப்பிடும் குறி, அதை 36.58 மீட்டர் ஆக்கினால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் குடமுருட்டி ஆற்றுக்கும் அதன் வாய்க்கால்களுக்கும் வந்து சேர்ந்த பிறகு டிஎம்சி வாய் மூடிக்கொள்கிறது. ஒரு டிஎம்சி எத்தனை ஏக்கரை ஒரு மீட்டர் ஆழத்துக்கு நனைக்கும்? அதன் நூறு கோடி கன அடியை ஓர் ஏக்கரின் 43,560 சதுர அடியால் வகுக்க வேண்டும், பிறகு அடியை மீட்டராக்க வேண்டும். மெட்ரிக்கில் அது 2 கோடியே 83 லட்சம் கன மீட்டர். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் நிற்க 10,000 கன மீட்டர் வேண்டும். நான்கு சுழியைத் தட்டினால் 2,830 ஹெக்டேர், ஏறத்தாழ 7,000 ஏக்கர். மழைக்கும் அதே வசதி: ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். மழையும் ஆற்றுநீரும் ஒரே அளவில் வந்தால், ஐப்பசி மழை எவ்வளவு முறைப்பாசனத்தை மிச்சப்படுத்தியது என்று எந்தப் பாசன சங்கமும் தானே கேட்க முடியும். மத்திய நீர்வள ஆணையம் நீர்த்தேக்க இருப்பை ஏற்கெனவே பில்லியன் கன மீட்டரில் வெளியிடுகிறது. தீர்ப்பின் மொழி டிஎம்சியாக இருக்கட்டும். நீர்வளத் துறையின் அன்றாடத் தண்ணீர் அறிவிப்பில் கன மீட்டரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பழைய பெயர்கள் அழிந்துவிடும் என்ற கடைசி ஆட்சேபத்துக்குக் கும்பகோணத்து நகைக்கடைகளே பதில் வைத்திருக்கின்றன. பவுன் என்ற ஆங்கிலேய நாணயம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதை முழு 8 கிராமாக்கிக்கொண்டோம்; கல்யாணப் பேச்சில் பவுன் வாழ்கிறது, ரசீதில் கிராம் வாழ்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. சீனர்கள் தங்கள் சந்தை எடையான ஜின்னை அரை கிலோ என்று வைத்துக்கொண்டதும் இதே வழி. மாவையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் சதுர மீட்டரைத் தெரிந்துகொண்டு. பத்திரம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சொத்து விவரத்தில் சதுர மீட்டரை முதலில், பட்டாவில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், சென்டும் மாவும் அதற்குப் பின்னால் வரட்டும்.